வரத்துக்கால் எங்க? ஊர்க் கண்மாய்க்காக ஒரு ராக் பாட்டு பண்ண கதை

காரைக்குடி பக்கம் எங்க ஊர்க் கண்மாய்க்காக நாலஞ்சு ஊரு ஆளுங்க சேந்து ஒரு ராக் சிங்கிள் பண்ணோம். அத எப்படிப் பண்ணீங்கன்னு கேட்டு இன்னும் மெசேஜ் வந்துக்கிட்டே இருக்கு, முக்கியமா காலேஜ்ல பேண்ட் வச்சிருக்குற பசங்ககிட்ட இருந்து. எல்லாரும் முதல்ல கேக்குறது என்ன மைக், என்ன சாஃப்ட்வேர். அதையும் சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு விஷயம், அரசியல் பாட்டுன்னா அதுல இருக்குற ஒவ்வொரு வரியையும் சம்பந்தப்பட்ட ஊர்க்காரங்க கிராம சபையில எந்திரிச்சு நின்னு அப்படியே சொல்ல முடியணும். சொல்ல முடியாத வரி எவ்வளவு சூப்பரா இருந்தாலும் வேணாம். மெட்டு, மிக்ஸிங், காசு, ரிலீஸ் தேதி வரைக்கும் நாங்க எடுத்த அத்தன முடிவும் இதுல இருந்துதான் வந்துச்சு.

வெளியூர்க்காரங்களுக்கு செட்டிநாடுன்னா பெரிய வீடு, ஆத்தங்குடி டைல்ஸ், கோழிக் குழம்பு. அந்த வீடெல்லாம் நிக்கிறதே தண்ணி கஷ்டமான மண்ணுலதான். வருசம் முழுக்க ஓடுற ஆறு கிடையாது, வடகிழக்குப் பருவமழை பேஞ்சாதான் உண்டு. அதனாலதான் குடிக்க ஊருணி, வெள்ளாமைக்குக் கண்மாய்னு வெட்டி வச்சாங்க, ஒரு கண்மாய் நெறஞ்சா கலுங்குல வழிஞ்சு அடுத்த கண்மாய்க்குப் போகும், அது நெறஞ்சா அதுக்கடுத்தது. தமிழ்நாட்டுல இந்த மாதிரி ஏரி, கண்மாய் சுமார் 39 ஆயிரம் இருக்குன்னு சொல்றாங்க. ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணி பாயுற நிலம், 40 ஹெக்டேருக்கு மேல இருந்தா நீர்வளத்துறை பாக்கும், கீழ இருந்தா ஊராட்சி ஒன்றியம். கண்மாய்க்காச்சும் ஆள் இருக்கு, கண்மாய்க்குத் தண்ணி கொண்டு வர்ற வரத்துக்கால்தான் அநாதையாக் கெடக்கு. ஒரு இடத்துல ரோடு போட்டு மேடாக்கிட்டாங்க, ஒரு இடத்துல பிளாட்டுக்கு மண்ணடிச்சு மூடிட்டாங்க, மிச்சமெல்லாம் சீமைக்கருவேலம். மேக்கால மழை கொட்டித் தீத்தாலும் எங்க கண்மாய் பாதி கூட நெறையல, மடையத் திறக்கவே வேலை இல்லாமப் போச்சு. பாட்டு இதப் பத்தித்தான்.

இதுக்கு எதுக்கு ராக்னு ஊர்ல பெரியவங்க கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனா பாட்டுல அரசியல் பேசுறது இந்த மண்ணுக்குப் புதுசு இல்ல, பக்கத்துல சிராவயல்ல ஆசிரமம் நடத்துன ஜீவா (பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தம்), 1927-ல காந்தியே நேர்ல வந்து பாத்துட்டுப் போன ஆளு, பின்னாடி தொழிலாளிங்களுக்காகப் பாட்டு எழுதி மேடையில பாடுனவரு. எங்களுக்குக் கைவந்தது டிஸ்டார்ஷன் போட்ட கிட்டார், அதனால அதுல சொன்னோம். அவ்வளவுதான்.

நான் கிட்டார், வீட்டு மாடியில சின்னதா ரெக்கார்டிங் செட்டப் வச்சிருக்கேன். பாடுனது தேவகோட்டையில டீச்சரா இருக்குற ஒரு தங்கச்சி, பேஸ் கிட்டார் கோயம்புத்தூர் நண்பன், டிரம்ஸ் மலேசியாவுல ஈப்போல இருக்குற ஒரு தம்பி (அவங்க தாத்தா இந்தப் பக்கத்துல இருந்து போனவரு, தம்பி இந்தக் கண்மாயப் பாத்ததே கிடையாது), பறை பக்கத்து ஊரு அண்ணன் ஒருத்தரு, குலவையும் நடவுப் பாட்டும் எங்க தெரு அக்காங்க.

பாட்டு வரிதான் ரொம்ப நாள் இழுத்துச்சு. கோவத்துல எழுதுனா என்ன வரும்னு உங்களுக்கே தெரியும், மொத டிராஃப்ட்ல திருடன், கொள்ளைக்காரன்னு சரமாரியா இருந்துச்சு, கேக்க நல்லா ஏறும். அத எடுத்துட்டுப் போயி முன்னாடி எங்க கண்மாய்ல நீர்பாய்ச்சியா இருந்த ஐயாகிட்ட வாசிச்சுக் காட்டுனோம். மடையில எத்தன விரக்கடை திறந்தா எந்த வயலுக்கு எப்பத் தண்ணி போயிச் சேரும்னு மனப்பாடமாச் சொல்ற ஆளு. முழுசாக் கேட்டாரு. “ஏப்பா, நீங்க திருடன்னு பாடிப்புட்டுப் போயிருவீக, நாங்கல்ல நாளைக்கு அவன் வீட்டு விசேசத்துக்குப் போகணும், அவனும் நம்ம தேரு இழுக்க வருவான். அவன ஏன் கேக்குற, வரத்துக்கால் எங்கன்னு கேளு. அதுக்குப் பதில் சொல்ல ஆபீஸ்ல ஆள் இருக்குல்ல” அப்படின்னாரு.

கோரஸ் அங்கேயே கெடச்சிருச்சு. ‘வரத்துக்கால் எங்க?’ இதத்தான் பல்லவி முழுக்கக் கத்துறோம். கேள்வியா இருக்குறதுனால யார் வேணும்னாலும் சேந்து கத்தலாம், எந்தக் கட்சிக்காரனும் கத்தலாம், பயந்த சுபாவம் உள்ளவங்களும் கத்தலாம். சட்டத்துக்கும் இதுதான் நல்லது, ஒருத்தர் பேரச் சொல்லிப் பாடுனா அவதூறு கேஸ் வரலாம், 2024 ஜூலையில இருந்து அது பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவு. உண்மையா இருந்தாலும் அது பொது நன்மைக்காகச் சொன்னதுன்னு நீங்கதான் கோர்ட்டுக்கு அலைஞ்சு காட்டணும்.

சீமைக்கருவேலத்துக்குன்னு ஒரு சரணம் இருந்துச்சு, வேரோட பிடுங்குன்னு. ரிகர்சல்ல குலவை போட வந்த ஒரு அக்கா அதக் கேட்டுட்டு பாடாம நின்னுட்டாங்க. அவங்க வீட்டுக்காரரு கரிமூட்டம் போடுறவரு, சிவகங்கை ராமநாதபுரம் பக்கம் கருவேலத்த வெட்டி மூட்டம் போட்டுக் கரி ஆக்கித்தான் எத்தனையோ குடும்பம் அடுப்பெரிக்குது. “தண்ணி வரட்டும் தம்பி, வயல்ல வேலை வரட்டும், அப்புறம் பிடுங்குங்க, நாங்களே வந்து பிடுங்குறோம்”னாங்க. அந்த மரம் நீர்நிலையில இருக்கக் கூடாதுங்குறதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. ஆனா எது முதல்ல, எது பின்னாடிங்குற வரிசை இருக்குல்ல, அதுதான் அரசியல். சரணத்த மாத்தி எழுதுனோம்: முதல்ல வரத்துக்கால், அப்புறம் வயல், அப்புறம் மரம். நேர்ல வந்து பாடுறவங்க மூஞ்சியப் பாத்ததுனாலதான் இது எங்களுக்குத் தெரிஞ்சுச்சு, ஸ்டுடியோவுல உக்காந்து எழுதியிருந்தா கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது.

அடுத்தது ஆவணம். இத யாரும் தயவு செஞ்சு விட்றாதீங்க. புல எண் (சர்வே நம்பர்) தெரிஞ்சா போதும், தமிழ்நாடு அரசோட நில ஆவண இ-சேவை தளத்துலயே ‘அ’ பதிவேடும் (நிலம் யாரோடது, என்ன வகைன்னு இருக்குற பதிவேடு) புலப்படமும் (நிலத்தோட அளவு வரைபடம்) பாக்கலாம், வாய்க்கால் புறம்போக்கா பட்டாவான்னு அதுலயே இருக்கும். கெடைக்காதத தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேளுங்க, பத்து ரூபா கட்டணம், 30 நாளுக்குள்ள பதில் தரணும். எங்களுக்கு வந்த காகிதத்துல வரத்துக்கால் தலையில இருந்து கண்மாய் வரைக்கும் அத்தன புல எண்ணும் வரிசையா இருந்துச்சு. தங்கச்சி அத சும்மா சத்தமா வாசிச்சுக்கிட்டு இருந்தா, அந்த எண்ணெல்லாம் பறை அடிக்கு அப்படியே உக்காருது. சரின்னு ரெண்டாவது சரணமே அதுதான்னு முடிவு பண்ணோம். உவமை கிடையாது, எதுகை மோனை கிடையாது, வெறும் புல எண், ஒவ்வொரு எண்ணுக்கு அப்புறமும் ‘எங்க?’. என்னைக் கேட்டா மொத்தப் பாட்டுலயும் அந்த இடம்தான் உசுரு. ஊர்ல சின்னப் பிள்ளைங்களுக்குக் கூட இப்ப அந்த எண்ணு எல்லாம் மனப்பாடம்.

கூட்டுப் பாட்டுன்னா எனக்கு எப்பவும் ஞாபகம் வர்றது 1985-ல வந்த ‘சன் சிட்டி’. அமெரிக்க கிட்டாரிஸ்ட் ஸ்டீவன் வான் சாண்ட் முன்ன நின்னு மைல்ஸ் டேவிஸ், பாப் டிலன், ரன் டிஎம்சி, புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன்னு கிட்டத்தட்ட அம்பது பேர ஒரே பாட்டுல சேத்தாரு. தென்னாப்பிரிக்காவுல நிறவெறி அரசு ‘தனி நாடு’ன்னு பேருக்கு உருவாக்கி வச்சிருந்த போபுதட்ஸ்வானாவுல இருந்த ஒரு ஆடம்பர விடுதியோட பேருதான் சன் சிட்டி, அங்க போயி நாங்க வாசிக்க மாட்டோம்னு பாட்டுலயே சொன்னாங்க. உலகம் மாறணும்னு பொதுவாப் பாடல பாருங்க. ஒரு இடம், ஒரு செயல், அதச் செய்யப் போறது பாடுறவங்களே. நீங்க பாட்டு எழுத உக்காரும்போது யாரக் கேக்குறோம், என்ன கேக்குறோம், நாம என்ன செய்யப் போறோம், இந்த மூணையும் ஒரு தாள்ல எழுதிட்டு ஆரம்பிங்க. எங்க தாள்ல இருந்தது: கேக்குறது நீர்வளத்துறையையும் வருவாய்த்துறையையும், கேள்வி வரத்துக்கால அளந்து கல் நடுங்க, நாங்க செய்யப் போறது கிராம சபையில தீர்மானம் கொண்டு வர்றது.

இப்ப ரெக்கார்டிங். பறைய நாங்க எடுத்தது சொந்தக்காரங்க வீட்டு வளவுல, அதாவது வீட்டுக்குள்ள முற்றத்தச் சுத்தி இருக்குற இடத்துல. செட்டிநாட்டு வீட்டு வளவுல நின்னு ஒரு தடவ கை தட்டிப் பாருங்க, முட்டை வெள்ளைக்கரு சேத்து இழைச்ச சுவரு கண்ணாடி மாதிரி இருக்கும், கீழ டைல்ஸ், நடுவுல வானம் பாத்த முற்றம், தட்டுன சத்தம் சுவருக்குச் சுவரு படபடன்னு அடிச்சுக்கிட்டு நிக்கும். பறைய அதுல நேரா அடிச்சா ஒண்ணும் புரியாது. வீட்டுல இருந்த ஜமுக்காளம், மெத்தை எல்லாத்தையும் எடுத்து அண்ணனுக்கு மூணு பக்கமும் தொங்கவிட்டு, ஒரு டைனமிக் மைக்க ரெண்டடி தள்ளி வச்சோம், இன்னொரு மைக்க வளவோட அந்தக் கடைசித் தூண்கிட்ட தனியா வச்சோம். சரணத்துல பக்கத்து மைக் மட்டும், பல்லவியில தூரத்து மைக்கையும் ஏத்தினோம். அந்தப் பெரிய சத்தம் எந்த பிளக்-இன்லயும் வராது, அது அந்த வீட்டோட சத்தம்.

பறையில இன்னொரு விஷயம், தீயில காய வச்சு ஏத்துன தோலு கொஞ்ச நேரத்துல இறங்கிரும். மொத டேக்குக்கும் மூணாவது டேக்குக்கும் சுருதி வேற, ரெண்டையும் வெட்டி ஒட்டுனா ஒட்டுப் போட்டது அப்பட்டமாத் தெரியும். அதனால முற்றத்துலயே வைக்கோலப் போட்டு தீ மூட்டி வச்சிக்கிட்டோம், காய்ச்சு, உடனே முழுப் பாட்டையும் ஒரே மூச்சுல அடி, நிறுத்து, மறுபடி காய்ச்சு. அண்ணன் சொன்ன முறை அது. வேலைன்னா அவரு சொல்றதுதான் முறை, மைக் பிடிக்கிறவன் அத அனுசரிச்சுப் போகணும்.

அதே மாதிரி க்ளிக். காதுல டிக்கு டிக்குன்னு ஓடவிட்டு அடிக்கச் சொன்னா அந்த அடவு செத்துப் போகுது. எங்க அடி திஸ்ர நடை (மூணு மூணா எண்ணுறது), நடுவுல ஒரு இடத்துல தன்னால வேகம் ஏறும், பெறகு உக்காரும். அதனால க்ளிக்கே இல்லாம அவர அடிக்கவிட்டு, அப்புறம் ரீப்பர்ங்குற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல அவரு அடிச்ச அடிக்கு அடி டெம்போ மேப் (வேகம் எங்க ஏறுது, எங்க இறங்குதுங்குற கணக்கு) போட்டோம். ஒரு வேலை நாள் முழுக்க அதுலயே போச்சு, போனாப் போகுது. அந்த மேப்பத்தான் ஈப்போவுக்கும் கோயம்புத்தூருக்கும் அனுப்புனோம், பறை முன்ன போக டிரம்ஸ் பின்ன வந்துச்சு. தூரத்துல இருந்து சேந்து வேலை பாக்குறவங்க முதல்லயே பேசி வச்சுக்க வேண்டியது: எல்லாரும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் ஃபைல், ஒவ்வொரு ட்ராக்கும் பூஜ்யத்துல இருந்து ஆரம்பிச்சு எக்ஸ்போர்ட் பண்ணணும், பேர்லயே தேதியும் வெர்ஷனும் இருக்கணும். ‘ஃபைனல் ஃபைனல்’னு பேர் வச்சா சண்டைதான்.

பல்லவிக்கு ஊர் சனம், வெளியூர் போனவங்க, எல்லாரும் போன்ல கத்தி அனுப்புனாங்க. வாய்ஸ் மெசேஜா வேணாம், சத்தம் நசுங்கிரும். ரெக்கார்டர் ஆப்ல எடுத்து டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லுங்க. பாட்டக் கேட்டுக்கிட்டே கத்துறதுக்கு வயர் ஹெட்செட்தான், புளூடூத்துல சத்தம் பிந்தி வரும், அப்புறம் யாரும் தாளத்துல இருக்க மாட்டாங்க.

மிக்ஸ் பத்தி ரொம்ப நீட்டல. கிட்டாரோட அடித்தொண்டைய, அதாவது கனமான கீழ்ச் சத்தத்த, நல்லா வெட்டி, அந்த எடத்தப் பறைக்கும் பேஸுக்கும் விட்டோம். ஸ்ட்ரீமிங்குக்கு மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்னு ஒரு சத்த அளவுக் கணக்கு இருக்கு, மிக்ஸ் பண்றவங்களுக்குத் தெரியும். ஆனா எங்க பாட்டு பெரும்பாலும் ஓடப் போறது ஷேர் ஆட்டோல கட்டுன குழாய் ஸ்பீக்கர்லயும் பெரியவங்க போன்லயும். குழாய்ல பேஸே வராது, எல்லாம் மோனோ. அதனால மைக் செட் கடை அண்ணன்கிட்ட ஒரு குழாய வாங்கி வேப்பமரத்துல கட்டி, ஒவ்வொரு மிக்ஸையும் அதுல போட்டுட்டு தெருக்கோடில நின்னு கேட்டோம். புல எண் ஒவ்வொண்ணும் தெளிவா விழுதா? விழுந்தாத்தான் மிக்ஸ் ஓகே. ரெண்டு எண் கிட்டார்ல முங்குச்சு, அந்த இடத்துல கிட்டார எடுத்தே விட்டோம், பறையும் குரலும் மட்டும். எனக்குப் பிடிச்ச ரிஃப்தான் அது, போனதுல வருத்தம் இல்ல.

காசு விஷயத்தப் பேசக் கூச்சப்படாதீங்க, ரெக்கார்டிங்குக்கு முன்னாடியே பேசிருங்க. பறை அண்ணனுக்கும் அக்காங்களுக்கும் வாசிச்ச அன்னைக்கே கையில சம்பளம். சேவைக்குத்தானேன்னு யாரும் அவங்கள ஓசியில வாசிக்க வைக்கக் கூடாது, கிட்டார் பிடிக்கிறவனுக்கு மட்டும் கலைஞன்னு பேரு, பறை அடிக்கிறவருக்கு ‘உதவி’ன்னு பேருன்னா அந்தப் பாட்டுல சமத்துவம் பேசுறதுல அர்த்தமே இல்ல. கிரெடிட்ல அவரு பேருதான் முதல்ல. அதோட ஒரு தாள்ல யாருக்கு எத்தன சதவீதம்னு எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். காப்புரிமைச் சட்டத்துல (காப்பிரைட்) 2012-ல பண்ண திருத்தத்துக்கு அப்புறம் பாட்டு எழுதுனவரும் இசையமைச்சவரும் தங்களுக்கு வர வேண்டிய ராயல்டி உரிமைய வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேற யாருக்கும் எழுதிக் குடுக்க முடியாது, வாசிக்கிறவங்களுக்கும் பாடுறவங்களுக்கும் சட்டத்துல தனி உரிமை இருக்கு. நடவுப் பாட்டு மெட்டு யாரோடதும் இல்ல, அது பாரம்பரியம்னே பதிஞ்சோம், அதப் பாடுன குரலுக்கு மட்டும் பங்கு. பாட்ட ஸ்ட்ரீமிங் ஆப்ல ஏத்தித் தர்ற டிஸ்ட்ரிபியூட்டர் வழியா ஏத்தும்போது கன்டென்ட் ஐடிய (யூடியூப்ல உங்க பாட்டத் தானாக் கண்டுபிடிக்குற வசதி) ஆஃப் பண்ணிருங்க, இல்லாட்டி நாளைக்கு ஊர்க்காரரு கண்மாய வீடியோ எடுத்து உங்க பாட்டப் போட்டா அவருக்கே க்ளைம் போகும்.

புதுப் பாட்டு வழக்கமா வெள்ளிக்கிழமைதான் வரும், ரிலீஸுக்கு நாங்க அதெல்லாம் பாக்கல. கிராம சபை வருசத்துக்கு ஆறு நாள் நடக்கும், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், அதவிடப் பொருத்தமான நாள் கிடையாது, அதுக்கு ஒரு வாரம் முன்னாடி பாட்ட விட்டோம். போலீஸ்ல அனுமதி எழுதி வாங்கிட்டு சாயங்காலம் நாலு தெருவுல நேரடியா வாசிச்சோம், ராத்திரி பத்து மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாது, அதுக்கு ரொம்ப முன்னாடியே முடிச்சிட்டோம். நடுவுல ஒரு கட்சிக்காரங்க வந்து பாட்டக் குடுங்க, பிரச்சாரத்துக்குப் போட்டுக்குறோம், நல்ல தொகை தர்றோம்னாங்க. பேண்ட்ல எல்லாரும் உக்காந்து பேசினோம், அரை மணி நேரம் கூட ஆகல. ஒரு கொடிக்குக் குடுத்தா மத்தக் கொடிக்காரன் அந்தக் கேள்விய விட்டுருவான். கூட்டத்துல எல்லாக் கொடியும் சேந்து கை தூக்குனாத்தானே தீர்மானம்.

அன்னைக்கு சபையில எங்கள்ல யாரும் பேசல. கரிமூட்டக்கார அக்காதான் எந்திரிச்சு, தாளப் பாக்காம, புல எண்ண ஒவ்வொண்ணாச் சொல்லி எங்க எங்கன்னு கேட்டாங்க, பின்னாடி சனம் சேந்துக்கிச்சு. செயலர் எழுதுற வேகத்துக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னாங்க. தீர்மானம் நிறைவேறுச்சு. தீர்மானம் மட்டும் ஆக்கிரமிப்ப எடுத்துராது, அது தெரிஞ்சதுதான். ஏரி பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றுதலுக்கு 2007-லயே சட்டம் இருக்கு, அதச் சொல்லி, தீர்மான நகலையும் புலப்படத்தையும் சேத்து கலெக்டர் ஆபீஸ் மனுநாள்ல குடுத்தோம், ரசீது வாங்கி வச்சிருக்கோம். சர்வேயர் வந்து மேக்குப் பக்கம் அளந்து கல்லு நட்டுட்டுப் போனாரு. ரோட்டுக்குக் கிழக்கால இன்னும் அளக்கல. அதுக்குத்தான் அடுத்த சபைக்கும் மனு எழுதிக்கிட்டு இருக்கோம்.

இந்தப் பாட்டோட ஸ்டெம்ஸ் எல்லாம், பறை தனியா, கோரஸ் தனியா, டெம்போ மேப்போட வச்சிருக்கோம், எல்லாரும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டாச்சு. சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம், எந்த ஊரா இருந்தாலும் கேளுங்க, சும்மா தர்றோம். ரெண்டாவது சரணம் மட்டும் காலியா இருக்கும். அதுல உங்க ஊரு வரத்துக்கால் புல எண்ணப் போட்டுப் பாடிக்கங்க, பாடுறதுக்கு முன்னாடி அத ‘அ’ பதிவேட்டுல ஒரு தடவ சரிபாத்துருங்க.